கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது: காதுக்கு எந்த வேலை, ட்யூனருக்கு எந்த வேலை

ஆறு கம்பிக்கும் ட்யூனரில், அதாவது சுருதி சரியா என்று காட்டும் கருவியில், பச்சை விளக்கு எரிந்துவிட்டது. ஆனாலும் ஜி கார்டைப் பிடித்து, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக, மீட்டினால் எங்கோ பிசிறடிக்கிறது. புதிதாகக் கற்க வருபவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் புகார் இதுதான். ட்யூனரையே தொடமாட்டேன் என்று காதை மட்டும் நம்பி உட்காருபவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் 20 நிமிடம் போராடுகிறார்கள், ஐந்தாவது கம்பிக்கு வரும்போது முதலில் சேர்த்தது எது என்பதே மறந்துவிடுகிறது.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரே ஒரு கம்பியை ட்யூனரில் சேருங்கள். மற்ற ஐந்தையும் காதால் சேருங்கள். அப்புறம் ட்யூனரை மறுபடி எடுத்து, காது எங்கே தவறியது என்று பாருங்கள். தினமும் இந்த வரிசையில் செய்தால் கிட்டாரும் சுருதியில் இருக்கும், காதும் வளரும். வரிசையைத் திருப்பிப்போட்டு, ட்யூனரை முதலில் முழுக்க முடித்துவிட்டால் காதுக்கு வேலையே வராது.

1. உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் கம்பிகள். துருப்பிடித்த, வியர்வை அழுக்கேறிய கம்பியை யாராலும் ஒழுங்காகச் சுருதி சேர்க்க முடியாது. கம்பியின் கனம் ஓர் இடத்தில் ஒரு மாதிரி ஆகிவிடுவதால், ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) சுருதி பிசகும். ஒரு சோதனை இருக்கிறது. 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டி, விரலை உடனே எடுங்கள். மணி மாதிரி ஒரு ஒலி வரும், அதுதான் ஹார்மானிக். அப்புறம் அதே 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். தெளிவாக வேறுபட்டால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். புதுக் கம்பியிலும் வேறுபாடு இருந்தால் பிரிட்ஜையும் (முன்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) கம்பியின் உயரத்தையும் கடையில் காட்ட வேண்டும்.

அடுத்து அறை. மின்விசிறியையும் மிக்ஸியையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். வெளியிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ கிட்டாரைக் கொண்டுவந்திருந்தால் பையைத் திறந்து 15 நிமிடம் விட்டுவிடுங்கள். கம்பி சூடாகும்போது தளரும், குளிரும்போது இறுகும். அவசரப்பட்டுச் சேர்த்தால் இரண்டாவது பாட்டிலேயே கலைந்துவிடும். கழுத்தில் கம்பிகளை அழுத்தும் கவ்வியான கேபோவை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

2. கம்பிகளின் பெயரும் இடைவெளியும்

மெல்லிய கம்பிதான் 1, தடித்தது 6. புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு கம்பியை முறுக்கும் கீகளில் தவறானதைத் திருப்புகிறார்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக, ஆங்கில எழுத்துப் பெயர்களில்: இ (E) 82.41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு), ஏ (A) 110, டி 146.83, ஜி 196, பி 246.94, கடைசியில் மெல்லிய இ 329.63. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், 110 மட்டும் நினைவிருந்தால் போதும்.

கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஒரு கம்பியை ச என்று வைத்தால் அடுத்த கம்பி சுத்த மத்யமம். இ–ஏ, ஏ–டி, டி–ஜி, பி–இ எல்லாமே ச–ம. 3ஆவது கம்பிக்கும் 2ஆவது கம்பிக்கும் நடுவில் மட்டும் ச–க, அதாவது அந்தர காந்தாரம். இந்த ஒரு விதிவிலக்கைத் தனியாக நினைவில் வையுங்கள். பின்னால் வரும் இரண்டு பெரிய தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

3. ட்யூனரை அமைப்பது

ட்யூனரை ஆன் செய்ததும் ஓரத்தில் 440 என்று இருக்கிறதா பாருங்கள். நடு ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது பொதுவான அளவு. கை தவறி 432 என்றோ 445 என்றோ மாறியிருந்தால், தனியாக வாசிக்கும்போது எதுவும் தெரியாது. கீபோர்டோடு உட்காரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

க்ளிப் ட்யூனர் கேட்பது கிட்டார் மரத்தின் அதிர்வை, அறையின் ஒலியை அல்ல. அதனால் கூட்டத்திலும் வேலை செய்யும். கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் இறுக்கமாக மாட்டுங்கள். செல்போன் செயலி மைக் வழியாகக் கேட்கிறது. மலிவு, கையிலேயே இருக்கிறது, ஆனால் பக்கத்தில் யாராவது பேசினாலே முள் அலைபாயும். தடித்த 6ஆவது கம்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. போன் மைக்குக்கு அவ்வளவு கீழான ஒலி சரியாகக் கேட்காது, கம்பியின் மேல் ஒலிகளைத்தான் பிடிக்கும். அதனால் இ என்று காட்டவேண்டியது சிலநேரம் பி என்று தாவும். அப்போது கம்பியை 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே கட்டைவிரலின் சதையால் மென்மையாக மீட்டுங்கள், இல்லையென்றால் அங்கே ஹார்மானிக்கை மீட்டுங்கள். முள் நின்றுவிடும்.

சேர்க்கும் கம்பியைத் தவிர மற்றவற்றை உள்ளங்கையால் அடக்குங்கள். ஒன்று அதிர்ந்தால் கூட இருப்பவையும் சேர்ந்து முனகும், ட்யூனர் குழம்பும்.

ட்யூனர் எழுத்தைக் காட்டும், ஆனால் பெரும்பாலும் அது எந்த ஸ்தாயி, அதாவது அதே ஸ்வரத்தின் மேல் நிலையா கீழ் நிலையா, என்று காட்டாது. என்னிடம் படித்த ஒரு பையன் புது 1ஆவது கம்பி மாட்டி முறுக்கிக்கொண்டே போனான். இ வந்ததைக் கவனிக்கவில்லை, எஃப் என்று காட்டியது. இன்னும் முறுக்கினால் மறுபடி இ வரும் என்று நினைத்துத் தொடர்ந்தான், கம்பி அறுந்து கையில் கீறிவிட்டது. எழுத்து தாண்டிப் போய்விட்டால் எப்போதும் இறக்குங்கள். கம்பி வழக்கத்தைவிட விறைப்பாகத் தெரிந்தால் ட்யூனர் என்ன சொன்னாலும் நிறுத்துங்கள்.

4. எல்லா முறைக்கும் பொதுவான கை வேலை

சுருதியைக் கீழிருந்து மேலே கொண்டுவாருங்கள். கம்பி ஏறியிருந்தால் தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கி, பிறகு ஏற்றி நிறுத்துங்கள். கீயின் பல்சக்கரத்தில் சிறிய தொய்வு இருக்கும். இறக்கி நிறுத்தினால் அந்தத் தொய்வு அப்படியே தங்கி, நாலு முறை மீட்டியதும் கம்பி மேலும் இறங்கும். ஏற்றி நிறுத்தினால் பல் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

மீட்டிக்கொண்டே கீயைத் திருப்புங்கள். சத்தமில்லாமல் திருப்பிவிட்டு அப்புறம் மீட்டிப் பார்ப்பவர்கள்தான் கம்பியை அறுக்கிறார்கள். கம்பி ஒலிக்கும்போது திருப்பினால், தவறான கீயைப் பிடித்திருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

மீட்டிய கணத்தில் சுருதி சற்று ஏறியிருக்கும், பிறகு நிலைக்கும். அதனால் ஒரு நொடி பொறுத்து முள்ளைப் பாருங்கள். பாட்டில் எவ்வளவு பலமாக மீட்டுவீர்களோ அதே பலத்தில் மீட்டுங்கள்.

5. ஏ கம்பியை மட்டும் ட்யூனரில்

5ஆவது கம்பியை 110இல், அதாவது ஏ எழுத்தில், முள் நடுவில் நிற்கும்படி சேருங்கள். சுருதிப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதை 6 கட்டையில் வைத்தும் எடுக்கலாம், 6 கட்டை என்பது ஏ தான். இந்தக் கம்பியில் அவசரம் கூடாது. இங்கே பிசகினால் ஆறும் சேர்ந்து பிசகும்.

பிறகு ட்யூனரை அணைத்துவிடுங்கள். கண் எதிரே முள் ஆடிக்கொண்டிருந்தால் காது கேட்பதை நிறுத்திவிடுகிறது. பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

6. ஐந்தாம் ஃப்ரெட் முறை

6ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது ஏ. அது திறந்த, அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாத, 5ஆவது கம்பியோடு ஒன்றவேண்டும். ஒன்றாவிட்டால் 6ஆவது கம்பியின் கீயைத் திருப்புங்கள். 5ஆவது ஏற்கெனவே முடிந்தது, அதைத் தொடக்கூடாது.

அப்புறம் 5ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட், திறந்த 4. நாலாவதின் 5ஆவது ஃப்ரெட், திறந்த 3. மூன்றாவதில் மட்டும் 4ஆவது ஃப்ரெட், திறந்த 2. இரண்டாவதின் 5ஆவது ஃப்ரெட், திறந்த 1. மூன்றாவதிலும் 5ஆவது ஃப்ரெட்டையே அழுத்துவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. அப்படிச் செய்தால் 2ஆவது கம்பி அரை ஸ்வரம் (ஒரு ஃப்ரெட் அளவு) ஏறி, அதைப் பார்த்துச் சேர்க்கும் 1ஆவதும் ஏறி, அறுபடும் நிலைக்கு வரும்.

இடது கை ஃப்ரெட்டை அழுத்தியபடியே இருக்கட்டும். வலது கையால் இரண்டு கம்பிகளையும் மீட்டிவிட்டு, அதே வலது கையைக் குறுக்கே கொண்டுபோய்க் கீயைத் திருப்புங்கள். முதல் நாள் கை சிக்கிக்கொள்வது போலிருக்கும். ஆனால் இரண்டு ஒலியும் சேர்ந்து கேட்கும்போதே திருப்ப வேறு வழி இல்லை.

ஃப்ரெட்டை ஒட்டி, ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். இறுக்கி அழுத்தினாலோ கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினாலோ சுருதி ஏறும். ஏறிய ஒலியைப் பார்த்து அடுத்த கம்பியைச் சேர்ப்பீர்கள், அங்கேயும் அழுத்துவீர்கள். 1ஆவது கம்பிக்கு வரும்போது இந்தப் பிழைகள் எல்லாம் கூடி நிற்கும்.

7. ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?

“ரெண்டும் வேற மாதிரி கேக்குது, ஆனா எது மேலேன்னு தெரியல” என்பார்கள். இதற்குக் குரல்தான் கருவி. முதல் கம்பியை மீட்டி “ம்ம்” என்று அதே ஒலியை முனகுங்கள். உடனே இரண்டாவதை மீட்டி அதற்கு மாறுங்கள். தொண்டை ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியும் தெரியாவிட்டால் சந்தேகத்துக்குரிய கம்பியை, கண்டிப்பாகக் கீழே என்று சொல்லும் அளவுக்கு இறக்கிவிடுங்கள். இனி போகவேண்டிய திசை ஒன்றுதான். மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள்.

நெருங்கும்போது ஒலி அலையடிக்கத் தொடங்கும். வோம்... வோம்... வோம் என்று கூடியும் குறைந்தும் கேட்கும். இரண்டு கம்பிகளின் அதிர்வு வேகத்தில் உள்ள வித்தியாசம்தான் அது. ஒன்று 110இலும் மற்றது 112இலும் அதிர்ந்தால் நொடிக்கு 2 அலை. நெருங்க நெருங்க அலை நீளும், ஒன்றும்போது நின்றுவிடும். நின்ற பிறகும் திருப்பினால் மறுபக்கம் போய் மறுபடி அலை தொடங்கும். அலை வேகமானால் விலகுகிறீர்கள், நீண்டால் நெருங்குகிறீர்கள், அவ்வளவுதான். தம்பூராவைச் சேர்ப்பவர்கள் காத்திருந்து கேட்பதும் இந்த அலை அடங்குவதைத்தான்.

தடித்த கம்பிகளில் மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். அரை ஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 1 சென்ட். 110 ஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு அலை என்றால் கிட்டத்தட்ட 16 சென்ட் விலகல், அது நன்றாகவே உறுத்தும். மெல்லிய இ கம்பியில் அதே ஒரு அலை 5 சென்ட்தான். ஆகவே கீழ்க் கம்பிகளில் அலை ஏறக்குறைய முழுதாக அடங்கும்வரை விடாதீர்கள்.

8. ஹார்மானிக் முறை: வேகமானது, ஆனால் பொறி உண்டு

6ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கும் 5ஆவது கம்பியின் 7ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கும் ஒரே இ. விரலை எடுத்த பிறகும் இரண்டும் ஒலித்துக்கொண்டிருப்பதால் கை இரண்டும் விடுதலை. ஒலி உயர்ந்த இடத்தில் இருப்பதால் அலையும் தெளிவாகக் கேட்கும். இதனால் பலருக்கு இது பிடித்த முறை.

பொறி எங்கே என்றால், 7ஆவது ஃப்ரெட் ஹார்மானிக் கம்பியின் வேகத்தைப் போல சரியாக 3 மடங்கு. 110க்கு அது 330. ஆனால் கிட்டாரின் ஃப்ரெட்டுகள் 12 அரை ஸ்வரத்தையும் சம அளவில் பிரித்து அடிக்கப்பட்டவை, அந்தக் கணக்கில் இ 329.63. அலை முழுதாக நிற்கும்வரை சேர்த்தால் ஒவ்வொரு ஜோடியிலும் 2 சென்ட் பிசகும். ஏ கம்பியிலிருந்து தொடங்கி இப்படியே போனால் டி 2 சென்ட் இறங்கும், ஜி 4 சென்ட் இறங்கும், 6ஆவது கம்பி 2 சென்ட் ஏறும். அந்த 6ஆவதின் 7ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கை வைத்து 2ஆவது கம்பியைச் சேர்த்தால் அது 4 சென்ட் ஏறும். கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளான ஜிக்கும் பிக்கும் இடையில் 8 சென்ட் விரிசல்.

அதனால் நான் பரிந்துரைப்பது வேறொரு வழி. எல்லாக் கம்பியையும் ஏ கம்பியோடு மட்டும் ஒப்பிடுங்கள். 5ஆவது கம்பியின் 12ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கை ஒலிக்கவிட்டு, 4ஆவது கம்பியின் 7ஆவது ஃப்ரெட்டையும் பிறகு 3ஆவதின் 2ஆவது ஃப்ரெட்டையும் அதோடு சேருங்கள். அடுத்து 5ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கோடு 2ஆவதின் 10ஆவது ஃப்ரெட்டையும் 1ஆவதின் 5ஆவது ஃப்ரெட்டையும் சேருங்கள். 6ஆவதுக்கு அதன் 5ஆவது ஃப்ரெட்டும் திறந்த 5உம் போதும். எல்லாமே ஏ தான். ஒரு கம்பியில் செய்த பிழை அடுத்ததற்குத் தொற்றாது. முதல் மாதம் ஐந்தாம் ஃப்ரெட் முறை, அது கைக்கு வந்ததும் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. சங்கீதக் காதுக்கு ஓர் எச்சரிக்கை

பாட்டு கற்றவர்கள் கிட்டார் எடுக்கும்போது 2ஆவது கம்பியில் தடுமாறுவார்கள். அவர்களுடைய காது நல்ல காது என்பதே காரணம். ஜியை ச என்று வைத்து பியைக் கேட்டால், அவர்கள் பழகிய இனிமையான அந்தர காந்தாரம் 245 ஹெர்ட்ஸில் இருக்கும். கிட்டாருக்கு வேண்டியது 246.94. அதனால் ட்யூனர் காட்டும் பி அவர்களுக்கு ஏறியதுபோல் கேட்கும், உடனே இறக்கிவிடுவார்கள்.

இறக்கியதும் ஜி கார்டு தேனாக இருக்கும். அடுத்து இ கார்டைப் பிடித்தால் அதே பி அங்கே பஞ்சமமாக வேலை செய்ய வேண்டும், அது தொங்கும். டி கார்டில் அதே கம்பியின் 3ஆவது ஃப்ரெட் திறந்த 4ஆவது கம்பியோடு ஸ்தாயி சேராது. வீணையில் மெட்டுகளை மெழுகின் மேல் காது சொல்லும் இடத்தில் வைக்கலாம். கிட்டாரின் ஃப்ரெட் நகராது, எல்லாக் கார்டுக்கும் பொதுவாக அடிக்கப்பட்டது. எனவே ஒரு கார்டு இனிக்கவேண்டும் என்று எந்தத் திறந்த கம்பியையும் திருத்தாதீர்கள். பச்சை விளக்கு எரிந்தும் ஜி கார்டு பிசிறடிப்பதில் ஒரு பங்கு, இந்தக் காந்தாரத்தின் இயல்பு. மீதிப் பங்கு, பச்சை விளக்கு எரியும் இடம் சில சென்ட் அகலமானது என்பது. ஒரு கம்பி அதன் கீழ் ஓரத்திலும் பக்கத்துக் கம்பி மேல் ஓரத்திலும் நின்றால் விளக்கு இரண்டுக்கும் எரியும்.

10. ஸ்தாயி வைத்துச் சரிபார்ப்பது

கார்டை வைத்துச் சோதிப்பதைவிட ஸ்தாயியை வைத்துச் சோதிப்பது நல்லது, ஏனென்றால் கிட்டாரில் ஸ்தாயி மட்டும்தான் சுத்தமாக இருக்கவேண்டியது. திறந்த 6, நாலாவதின் 2ஆவது ஃப்ரெட், திறந்த 1: மூன்றும் இ. திறந்த 5உம் மூன்றாவதின் 2ஆவது ஃப்ரெட்டும் ஏ. திறந்த 4உம் இரண்டாவதின் 3ஆவது ஃப்ரெட்டும் டி. திறந்த 3உம் முதலாவதின் 3ஆவது ஃப்ரெட்டும் ஜி. எந்த ஜோடியில் அலை கேட்கிறதோ அங்கே திருத்துங்கள்.

11. இப்போது ட்யூனர் தேர்வு வைக்கட்டும்

ட்யூனரை ஆன் செய்து, எதையும் திருத்தாமல் ஆறு கம்பியையும் மீட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தும் ஆசையை அடக்குங்கள். இந்தத் தாளில்தான் பாடம் இருக்கிறது.

5ஆவதிலிருந்து 1ஆவதுவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருந்தால் ஃப்ரெட்டை அதிகமாக அழுத்துகிறீர்கள். 2ஆவது மட்டும் இறங்கியிருந்தால் காந்தாரக் காது. 4உம் 3உம் இறங்கி, 6உம் 2உம் ஏறியிருந்தால் ஹார்மானிக் பொறி. ஆறும் ஒரே அளவு விலகியிருந்தால் காதில் தவறில்லை, ஆரம்பத்தில் ஏ கம்பியைச் சேர்த்ததில்தான் அவசரம். ஒன்று மட்டும் தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பியே பழையது.

எழுதி முடித்ததும் ட்யூனரைப் பார்த்துத் திருத்துங்கள், ஆறையும் இரண்டாவது சுற்றும் பாருங்கள். எஃகுக் கம்பி கிட்டாரில் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேல் இழுக்கின்றன. ஒன்றை இறுக்கினால் கழுத்தும் முன்பலகையும் இம்மியளவு வளைந்து மற்றவை தளரும். ரொம்பக் கலைந்த கிட்டாருக்கு மூன்று சுற்றுகூட ஆகும்.

12. சேர்த்தும் நிற்கவில்லை என்றால்

புதுக் கம்பி என்றால் ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள், இறங்குவது நிற்கும்வரை. நைலான் கம்பிக்குச் சில நாட்கள் பிடிக்கும், அதை விரைவுபடுத்த வழியில்லை. கீயில் கம்பி 2, 3 சுற்றுக்குமேல் குவிந்திருந்தால் சுற்றுகள் நழுவும், அவிழ்த்துச் சுற்றுங்கள். திருப்பும்போது “டிக்” என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. கம்பியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் முனையைத் தேயுங்கள். கரி வழவழப்பாக்கிவிடும்.

13. எப்போது ட்யூனர் மட்டும், எப்போது காது முதலில்

மேடையில், பாட்டுகளுக்கு நடுவில், ஒலிப்பதிவில், கம்பி மாற்றிய உடனே: ட்யூனர் மட்டும். அங்கே காதைப் பழக்க நேரமில்லை, மற்றவர்களைக் காக்கவைக்கவும் கூடாது.

ஹார்மோனியத்தோடோ தேவாலயத்துப் பழைய பியானோவோடோ வாசிக்கும்போது 440ஐ மறந்துவிடுங்கள். அவற்றை அந்த இடத்தில் சுருதி மாற்ற முடியாது, கிட்டார்தான் போய்ச் சேரவேண்டும். அங்கே நடுவில் உள்ள ஏ கட்டையை ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். செயலியில் 440 என்ற எண்ணை, முள் நடுவுக்கு வரும்வரை மாற்றுங்கள். 443 என்று வந்தால் 443 என்றே விட்டுவிட்டு ஏ கம்பியைச் சேருங்கள். பிறகு அந்தக் கட்டையோடு 5ஆவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கை ஒருமுறை காதால் கேளுங்கள். அலை இல்லையென்றால் மற்ற ஐந்தையும் அதே எண்ணில் ட்யூனரிலேயே முடித்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் எண்ணை மறக்காமல் 440க்கு மாற்றுங்கள்.